வாடகைப்படியும் வாழைத்தோப்பு வழியும்

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்து, போன வாரம் என்னைப் பார்க்க வந்த உங்களில் ஒருவர், டீ ஆறுவதற்குள் கேட்டுவிட்டார். "சார், எந்த ஊர் கெடைச்சா கையில கூட வரும்?" பக்கத்தில் இருந்தவர் அவர் தொடையைக் கிள்ளினார். கிள்ள வேண்டியதே இல்லை. தீயணைப்பு வேலையில் சேர்ந்த முதல் வாரம் நானும் இதையேதான் கேட்டேன். கேட்காதவன் பொய்யனாக இருக்க வேண்டும், அல்லது அவன் வீட்டில் தோப்பு துரவு இருக்க வேண்டும்.

அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடிப்படைச் சம்பளம் மாநிலம் முழுக்க ஒன்றுதான். பட்டணத்தில் பத்து மாடிக் கட்டடத்தில் தீ அணைத்தாலும் சரி, கம்பத்துப் பக்கம் கிணற்றில் விழுந்த எருமையைத் தூக்கினாலும் சரி. வித்தியாசம் எல்லாம் சம்பளச் சீட்டில் அதற்குக் கீழே இருக்கிறது. வீட்டு வாடகைப்படி என்று ஒரு வரி, நகரப்படி என்று ஒரு வரி. நிலையம் மலைமேல் இருந்தால் மலைப்படி. ஊர்களைத் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். தலைநகரம் மேலே, மதுரை மாதிரி ஊர்கள் அதற்கு அடுத்து, நகராட்சிகள் அதற்கும் கீழே, கடைசியில் 'இதர இடங்கள்'. நான் பணிக்காலத்தில் பெரும்பகுதியை இதர இடத்தில் கழித்தவன். இதர இடத்திலும் தீ அதே சூட்டில்தான் எரிகிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை போலும்.

நீங்கள் உண்மையில் கேட்க வந்தது வேறு, அதுவும் எனக்குத் தெரியும். ஒருநாள் வேலை, ஒருநாள் ஓய்வு. மதுரைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டால் வேலை நாளில் நிலையத்து மாடியில் படுக்கலாம். ஓய்வு நாளில் பஸ் பிடித்துச் சொந்த ஊருக்கு வந்துவிடலாம். மனைவி மக்கள் இங்கேயே சொந்த வீட்டில் இருப்பார்கள். மதுரை வாடகைப்படி முழுசாக மிஞ்சும். எங்கள் ஆட்கள் இதற்கு 'மாடிக் குடித்தனம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். விதிப்படி இது சரியா என்று என்னிடம் கேட்காதீர்கள். எங்கே வேலை என்றுதான் பார்ப்பார்கள், எங்கே தலை சாய்க்கிறாய் என்று பார்ப்பதில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து, பள்ளத்தாக்கின் சந்து பொந்தெல்லாம் தெரிந்த எத்தனையோ பேர் இப்படித்தான் மதுரை மாடிகளில் பாய் விரித்துக் கிடக்கிறார்கள். அவர்களில் ஒருவர் சேசுராஜ்.

அதற்கு முன் சேசுராஜ் மலையடிவாரத்தில் உள்ள எங்கள் நிலையத்தில் ஓட்டுநராக இருந்தார். நான் அங்கே நிலைய அலுவலர். அவர் ஊர் பக்கத்திலேயேதான், பழைய மாதா கோயிலும் அதைச் சுற்றித் திராட்சைப் பந்தலும் வாழையுமாக உள்ள ஊர். ஆள் அதிகம் பேசமாட்டார். பேசினால் உறைப்பாக இருக்கும்.

அவர் எப்படிப்பட்ட ஓட்டுநர் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். கேரளாவுக்கு ஏறுகிற கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஒரு காலை, ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போன ஜீப் வளைவில் சரிந்துவிட்டது. நல்லவேளையாகக் கீழே ஒரு மரம் தாங்கிக்கொண்டது. எந்த மாநிலத்து எல்லை என்று யாருக்கும் தெரியாத இடம். அதனால் கீழிருந்து நாங்களும் போனோம், மேலிருந்து கேரளாக்காரர்களும் வந்தார்கள். கயிறு கட்டத் தோதாக அங்கே ஒரு பாறைகூட இல்லை. வண்டியில்தான் கட்ட வேண்டும். சேசுராஜ் அந்தக் கொண்டை ஊசி வளைவில், தண்ணீர் நிரம்பிய வண்டியைப் பின்னால் எடுத்து, பின்சக்கரம் பள்ளத்தின் விளிம்பை முத்தமிடுகிற மாதிரி நிறுத்தினார். "சேசு, போதும்யா" என்றேன். "இன்னும் ஒரு சாண் இருக்கு சார்" என்றார். அந்த ஒரு சாணில்தான் கயிறு நேராக விழுந்தது. இரண்டு மாநிலத்து ஆட்களும் ஒரே கயிற்றைப் பிடித்து இழுத்தோம். கை கால் முறிந்தவர்கள் உண்டு. ஆனால் அத்தனை பெண்களும் உயிரோடு மேலே வந்துவிட்டார்கள்.

பிறகு தோட்டக் கடையில் பால் விடாத கட்டன் சாயா குடித்தோம். கேரளா வண்டி ஓட்டுநர் சேசுராஜின் தோளில் தட்டினார். "கொள்ளாம் அண்ணா, நல்லா வண்டி நிறுத்தி. நிங்ஙளுக்கு மலை அலவன்ஸ் எத்ர கிட்டும்?"

"எங்களுக்கு அது கெடையாது."

"அதெந்தா? மலையில தானே வேலை?"

"வேலை மலையில. ஸ்டேஷன் அடியில."

அந்த மனிதர் இது ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். எங்கள் ஆட்கள் யாரும் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கீழே இறங்கும்போது கடைசி வளைவு தாண்டியதும் சேசுராஜ் சொன்னார்: "அவுகளுக்கு எம்புட்டுன்னு அந்த டிரைவர் சொன்னாரு சார். பெரிய தொகை ஒண்ணும் இல்ல. வீட்டுக்குக் காய்கறி வாங்கக் காணாது. ஆனா இவன் மலை ஏறுறான்னு அங்கன ஒரு ஆபீசுல ஒருத்தன் எழுதி வச்சிருக்கான்ல." கொஞ்சம் தூரம் போனதும், "நான் மதுரைக்கு எழுதிக் குடுக்கலாம்னு இருக்கேன் சார்" என்றார்.

நான் நினைத்திருந்தால் நிறுத்தியிருக்கலாம். 'ஆள் பற்றாக்குறை' என்று ஒரு வரி எழுதினால் அந்த மனு கிணற்றில் போட்ட கல்தான். என் முதல் அதிகாரி என்னை அப்படித்தான் பல வருஷம் பிடித்து வைத்திருந்தார். "நீ இல்லாட்டா இந்த ஸ்டேஷன் ஓடாதுடா" என்பார். கேட்கக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. என்னோடு சேர்ந்தவர்கள் நகரத்துப் படி வாங்கிப் பிள்ளைகளை நல்ல பள்ளிக்கூடத்தில் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. பாராட்டு என்பது மேலதிகாரி தன் பையிலிருந்து காசு எடுக்காமல் கொடுக்கிற படி. அதைக் கொடுத்து ஒருவனைக் கட்டிப்போடக் கூடாது என்று அன்றே முடிவெடுத்திருந்தேன். அதனால் சேசுராஜின் மனுவைப் பரிந்துரைத்தேன். அது தவறு என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். உங்களுக்குக் கீழே ஆட்கள் வரும்போது நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஆனால் மனுவில் காரணம் எழுத வேண்டுமே. சேசுராஜுக்குக் கடன் இல்லை, படுத்த படுக்கையாக யாரும் இல்லை. அதே வேலைக்கு அடுத்தவனுக்குக் கிடைப்பது தனக்கும் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான். எழுத்தர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"கூடச் சம்பளம்னு எழுதுனா கிழிச்சுப் போட்டுருவாக. வீட்ல யாருக்காச்சும் சீக்கு இருக்கா?"

"எல்லாரும் நல்லா இருக்காக."

"நல்லா இருந்தா எப்புடிய்யா மாத்தல் குடுப்பாக?" என்று எழுத்தர் சலித்துக்கொண்டார். கடைசியில், மனைவிக்கு முதுகுத் தண்டில் கோளாறு, மதுரையில் தொடர் சிகிச்சை தேவை என்று எழுதினார்கள். சேசுராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார். அந்த அம்மாள் திராட்சை வெட்டுக் காலத்தில் பழப்பெட்டியைத் தலையில் சுமந்து லாரியில் ஏற்றுகிறவர். விஷயம் தெரிந்து என்னைக் கடைத்தெருவில் பார்த்தபோது, "எனக்கு இடுப்பு ஒடிஞ்சு போச்சாமே சார், நீங்களும் கையெழுத்துப் போட்டீகளாம்ல" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நம் வேலையில் நியாயம் கேட்பதற்குக்கூட வீட்டில் ஒரு துக்கம் வேண்டியிருக்கிறது. இல்லாதவன் உண்டாக்கிக்கொள்கிறான்.

உத்தரவு சீக்கிரமே வந்தது. சேசுராஜ் மதுரை மாடிக்குப் போனார். அவர் இடத்துக்கு வட மாவட்டத்திலிருந்து பிரபு வந்தான். நல்ல பையன், பொறுப்பானவன். தன் சொந்த மாவட்டத்துக்கு மாற்றல் கேட்டு அவனும் மனுப் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தான். பொறுப்பு ஒப்படைக்கும்போது குழாய், கயிறு, ஏணி, மூச்சுக் கருவி எல்லாவற்றையும் எண்ணி வாங்கிக் கையெழுத்துப் போட்டான். எனக்கும் அப்போது எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் பட்டது.

நல்ல கோடைக்காலம். பிற்பகலில் போன் வந்தது. கிணற்றுக்குள் ஆள் மயங்கிக் கிடக்கிறார் என்றார்கள். தூர் வாரத் தண்ணீர் இறைப்பதற்காக டீசல் இஞ்சினைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி ஓட்டியிருக்கிறார்கள். புகை வெளியே போக வழியில்லை. இந்தப் பள்ளத்தாக்கில் தண்ணீர் கீழே போகப் போக இஞ்சினையும் கீழே இறக்குவார்கள். எத்தனை தடவை சொன்னாலும் செய்வார்கள். உங்களுக்கும் இப்படிப்பட்ட அழைப்பு வரும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஊர் பெயரைக் கேட்டதும் எனக்குச் சேசுராஜ் முகம்தான் ஞாபகம் வந்தது. அது அவர் ஊர்.

ஊர் எல்லைவரை ஒழுங்காகத்தான் போனோம். அங்கிருந்து கிணற்றுக்கு எங்களில் யாருக்கும் வழி தெரியவில்லை. போன் செய்தவர் எடுக்கவில்லை. தெருவில் ஒரு ஆள் இல்லை, எல்லோரும் கிணற்றடியில். மதுரைக்குப் போன் போட்டுச் சேசுராஜிடம் கேட்கலாம் என்று அந்த அவசரத்தில் எனக்குத் தோன்றவில்லை. பிரபு போனில் மேப்பைப் பார்த்தான். "வாய்க்கால் வழியாப் போனா கிட்ட சார்" என்றான். வாய்க்காலுக்கு மேலே ஒரு சின்னப் பாலம். கற்பலகை போட்டு, மேலே சிமெண்ட் பூசியது. எனக்கு அது பிடிக்கவில்லை. இறங்கிப் பார்க்கலாமா என்று நினைத்தேன். கிணற்றுக்குள் ஒருவர் மூச்சுக்குத் தவிக்கும்போது இறங்கிப் பாலம் பார்ப்பதா என்றும் நினைத்தேன். "மெதுவா விடு" என்றேன். முன்சக்கரம் தாண்டியது. பின்சக்கரம் பலகையை உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டது.

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். வண்டி சிக்கினால் நம் ஆட்கள் இயல்பாக வண்டியைத்தான் சுற்றி நிற்பார்கள். அத்தனை வருஷப் பழக்கம், வண்டி இல்லாமல் நமக்குக் கை கால் ஓடாது. இரண்டு பேர் ஏற்கனவே ஜாக்கியை எடுத்துவிட்டார்கள். "வண்டி கெடக்கட்டும், சிலிண்டரைத் தூக்கு" என்று கத்தினேன். பிரபுவை மட்டும் வண்டியோடு விட்டுவிட்டு, மூச்சுக் கருவி, கயிறு, கொக்கி மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினோம். அந்த முடிவு சரிதான். சரியான முடிவு எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள்.

நாங்கள் ஓடியது திராட்சைப் பந்தலுக்குக் கீழே. பந்தல் பழம் பறிக்கிற ஆள் உயரத்துக்குத்தான் இருக்கும். முதுகில் சிலிண்டர் இருந்தால் இடுப்பை மடக்கித்தான் போக முடியும். கொஞ்சம் நிமிர்ந்தாலும் சிலிண்டர் கம்பியில் மாட்டிக்கொள்ளும். முன்னால் போனவன் மாட்டிக்கொண்டான், அவனை எடுத்துவிட்டு நகர்ந்தால் அடுத்தவன். ஒரு பந்தல் முடிந்து வேலி, வேலி தாண்டி இன்னொரு பந்தல். இவ்வளவு அழகாக நம் ஊரில் திராட்சை விளைகிறதே என்று அன்றைக்கு நான் பட்ட எரிச்சல் எனக்குத்தான் தெரியும்.

கிணற்றடியில் ஊரே நின்றது. முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு ஒருவர் உள்ளே இறங்கக் கால் வைத்துவிட்டார். சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் என்னை அடிக்க வந்தார். "உள்ள கெடக்காக, விடுய்யா" என்றார். ஈரத்துண்டு இந்தப் புகையைத் தடுக்காது என்று அவருக்குப் பாடம் நடத்த நேரமில்லை. எங்கள் ஆள் இருவர் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் மூச்சுக் கருவியோடு இறங்கி, உள்ளே கிடந்தவரைக் கயிற்றில் கட்டினான். தூக்கினோம். ஆம்புலன்ஸ் எங்களுக்கு முன்பே கிணற்று மேட்டில் வந்து நின்றுகொண்டிருந்தது. அதை அப்போதுதான் பார்த்தேன். அதை ஓட்டியவர் பக்கத்து ஊர்க்காரர்.

தூக்கியபோது அவர் உடம்பு சூடாகத்தான் இருந்தது. ஆம்புலன்ஸ் பையன் நெஞ்சை அழுத்திப் பார்த்தான், விடாமல் பார்த்தான். அப்புறம் நிறுத்திவிட்டான். கொஞ்சம் முன்னால்வரைக்கும் உள்ளேயிருந்து முனகல் கேட்டதாக ஊர்க்காரர்கள் சொன்னார்கள்.

இறந்தவர் மரியசூசை. சேசுராஜின் கூடப்பிறந்த அண்ணன். அவர் மனைவி என்னைத் திட்டவில்லை. மண்ணில் உட்கார்ந்தபடி யாரிடம் என்றில்லாமல், "சேசு இருந்தா இந்நேரம் வந்திருப்பான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். திட்டியிருந்தால் தேவலாம் என்று எனக்கு இருந்தது.

விசாரணை வைத்தார்கள். பாலம் உடைந்ததற்கும் வண்டியின் பின் அச்சு சேதமானதற்கும் பிரபுவிடம் விளக்கம் கேட்டார்கள். அச்சு எவ்வளவு வளைந்திருக்கிறது என்று அளந்து பார்த்தார்கள். வழி தெரிந்த ஓட்டுநர் அந்த வண்டியில் ஏன் இல்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாடகைப்படியைப் பற்றிப் பேச வேண்டிவந்திருக்கும்.

அடக்கத்துக்குச் சேசுராஜ் மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்தார். கல்லறைத் தோட்டத்தில் எல்லாம் முடிந்து, கை கழுவிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"எந்தப் பக்கமா வந்தீக சார்?"

"வாய்க்கால் பாலம்."

கண்ணை மூடிக்கொண்டார். "அதுல டிராக்டரே பயந்துதான் சார் போகும். மாதா கோயிலுக்குப் பின்னாடி வாழைத்தோப்புக்குள்ள வண்டிப்பாதை இருக்கு. கெணத்து மேடு வரைக்கும் நேரா வரும். நீங்க இந்த ஸ்டேஷனுக்கு வர்றதுக்கு முன்னாடி வைக்கப்படப்பு எரிஞ்சப்ப நான் அங்கனதான் வண்டியைக் கொண்டாந்தேன். வண்டி திரும்ப எடமில்லைன்னு அண்ணன்தான் ஓரத்துல நின்ன வாழையை வெட்டி விட்டுச்சு. குலை தள்ளுன வாழை சார். வெட்டாதண்ணேன்னேன். நாளப்பின்ன வண்டி வரணும்லன்னுச்சு."

அவர் தோளைத் தொட்டேன். அவர் தொடர்ந்தார்: "போறப்ப அந்தப் பையங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம். வண்டியை ஒப்படைச்சேன். சாவியை ஒப்படைச்சேன்." கல்லறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அவர் சொல்லியிருக்க வேண்டும் என்றால் நான் கேட்டிருக்க வேண்டும். குழாயை எண்ணி வாங்கினோம், பாதையை யாரும் எண்ணவில்லை. நம் நடைமுறையில் அதற்கு இடமும் இல்லை. ஓட்டுநர் தலைக்குள் இருக்கிற வழி அவரோடு பஸ் ஏறிப் போய்விடுகிறது. இது என் கோபம் முழுவதும் அல்ல, பாதிதான்.

மீதிப் பாதியையும் சொல்கிறேன். சேசுராஜ் திரும்பி வருவதற்கு மனுப் போட்டார். படி குறைந்தாலும் பரவாயில்லை, அண்ணன் குடும்பத்துக்கு ஆண் துணை இல்லை, பள்ளத்தாக்குக்கே அனுப்புங்கள் என்று எழுதினார். ஒரு எழுத்துப் பொய் இல்லை. நானும் இரண்டு பக்கத்துக்குப் பரிந்துரை எழுதினேன். மறுத்துவிட்டார்கள். சொந்த வேண்டுகோளின் பேரில் மாறுதல் பெற்றவர், உரிய காலம் இன்னும் முடியவில்லை. அதோடு ஒரு வரி: மனுதாரரின் மனைவிக்கு மதுரையில் தொடர் சிகிச்சை தேவைப்படுவதாக அவரே தெரிவித்துள்ள நிலையில், இந்தக் கோரிக்கை முரணாக உள்ளது. அந்த அம்மாள் அன்றைக்கும் எங்கோ பந்தலுக்குக் கீழே பழப்பெட்டி தூக்கிக்கொண்டுதான் இருந்திருப்பார். பொய்யைக் கொடுத்தபோது மாற்றல் கொடுத்தவர்கள், உண்மையைக் கொடுத்தபோது பழைய பொய்யை எடுத்துக் காட்டினார்கள். அந்த அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்டேன். "நாங்க என்ன சார் பண்றது, நீங்கதான கையெழுத்துப் போட்டிருக்கீக" என்றார் அங்கே இருந்தவர். எழுந்து வந்துவிட்டேன்.

பிரபு தன் சொந்த மாவட்டத்துக்குப் போய்விட்டான். போகுமுன் ஒரு நல்ல காரியம் செய்தான். ஒரு நாள் அடிவாரத்துத் தோப்பு ஒன்றில் தீ. வழி பிரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தி, மேப்பைத் திறக்காமல் மதுரைக்குப் போன் போட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சேசுராஜ் குரல் கேட்டது: "ஆலமரம் தெரியுதா? அதுக்கு இடப்பக்கம் போகாத, மணல். வலப்பக்கம் வேலியோட ஒட்டிப் போ. ஏலே, மெதுவா, அங்கன ஒரு பள்ளம் வரும்." பள்ளம் வந்தது. வண்டி நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. பிரபுவுக்கு அப்புறம் வந்தவரும் கேட்டார், அவருக்கு அப்புறம் வந்தவரும் கேட்கிறார். சேசுராஜ் மதுரை மாடியில் இருந்தபடி பள்ளத்தாக்கில் வண்டி ஓட்டுகிறார். ஒரு தடவைகூட அவர் போனை எடுக்காமல் விட்டதில்லை. மதுரை வாடகைப்படி மாதாமாதம் தவறாமல் வருகிறது. அதைத் தொடவே பிடிக்கவில்லை சார் என்றார் ஒருநாள். அப்படியே அண்ணி வீட்டில் கொடுத்துவிடுகிறாராம்.

எந்த ஊரில் கையில் கூட வரும் என்று கேட்டீர்கள். சொல்லிவிட்டேன். போக முடிந்தால் போங்கள், நான் ஒரு நாளும் தடுக்கமாட்டேன், உழைக்கிறவனுக்குக் காசு வேண்டும். போகிற அன்றைக்கு, வருகிறவனை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் வழியைக் காட்டிவிட்டுப் போங்கள். யாரும் அதற்கு உத்தரவு போடமாட்டார்கள், படியும் தரமாட்டார்கள்.

உங்களில் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் என்னிடம் சேசுராஜ் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். எந்த நேரத்திலும் கூப்பிடலாம். யார், எந்த நிலையம், என்ன சங்கதி என்று எதுவும் கேட்கமாட்டார். போனை எடுத்ததும் அவர் கேட்பது ஒன்றுதான்.

"எந்தப் பக்கமா போறீக?"